ஆராய்ச்சியில் இருந்தவர்

“நான் செத்துப்போனால் நீ போன் எடுத்துக் கதைப்பியோ?”

அப்பா ஒருநாள் பின்னேரம் பல்கனியில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே இப்படிக் கேட்டார். கடைக்குப் போனால் பாண் வாங்கிக்கொண்டு வருவியோ என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். ரூபிகா தலையாட்டினாள்.

“தலையாட்டாதை. எனக்கு மங்கலாத்தான் தெரியுது. வாயால சொல்லு.”

“ஓம்.”

“இந்தச் சத்தத்தில சொன்னால் செத்துப்போன எனக்கு மட்டும்தான் கேக்கும்.”

இப்போது அவர் செத்துப்போயிருந்தார். ரூபிகா குளியலறைக் கதவைப் பூட்டி, குழாயைத் திறந்துவிட்டு, கவிழ்த்த வாளியின்மேல் இருந்தாள். ஒரு கையில் போன். மற்றக் கையில், குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்து உருவிக்கொண்டு வந்த அட்டை. அதில் அப்பாவின் பெயரும் ஆராய்ச்சி இலக்கமும் இருந்தன. அவற்றுக்குக் கீழே தொலைபேசி எண். வெளியே மாமி அழுகிற சத்தம் குழாய்த் தண்ணீரையும் மீறிக் கேட்டது.

அப்பா நாகேந்திரம் காலையில் இடியப்பம் சாப்பிட்டார். சாப்பிட்ட கையோடு பேப்பரை மூக்குக்குக் கிட்டப் பிடித்து வாசிக்கத் தொடங்கினார். பிறகு பேப்பரை மடியில் வைத்தார். நித்திரையாக்கும் என்று அம்மா நினைத்துத் தேத்தண்ணியை மூடிவைத்தாள். ஒழுங்கை முனையில் மருந்தகம் வைத்திருக்கிற டொக்டர் வந்து பார்த்து, இருதயம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ரொறன்ரோவிலிருந்து அண்ணன் ஜனா, தான் வருகிறவரைக்கும் அப்பாவை வடிவாக வைத்திருக்கச் சொல்லி போனில் அழுதான். அதனால் பிரேதத்தைப் பதப்படுத்துகிற மலர்ச்சாலைக்காரருக்கு உடனேயே சொல்லியாகிவிட்டது. அவர்கள் வந்தால் உடம்பைக் கொண்டுபோய் மருந்து ஏற்றிவிடுவார்கள். மருந்து ஏற்றினால், ஆராய்ச்சிக்குக் கொடுப்பதாக அவர் எழுதிவைத்த கண் உதவாது. இதை அப்பா அவளுக்கு எத்தனையோ தரம் சொல்லியிருந்தார்.

“அம்மா அழுதுகொண்டிருப்பா. மாமி விடமாட்டா. ஜனாவுக்கு அங்கை இரவோ பகலோ தெரியாது. நீ ஒண்டும் கதையாமல் ஒரு மூலையில நிப்பாய். ஒருத்தரும் உன்னைக் கவனிக்கமாட்டினம். அதுதான் எனக்கு வேணும்.”

பத்தாம் வகுப்பில், எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று வாசிக்கச் சொன்ன அன்றோடு பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் விட்டவள் ரூபிகா. அவளைப்பற்றி யாரும் இவ்வளவு நம்பிக்கையாகப் பேசியதில்லை.

அப்பா ஒத்திகையும் பார்த்திருந்தார். சீப்பைக் காதில் வைத்துக்கொண்டு அவர் டொக்டராக இருப்பார். அவள் மூன்று வசனம் சொல்லவேண்டும். அப்பா செத்துப்போனார். கண் இருக்கு. கெதியா வாங்கோ.

“‘கண் இருக்கு’ எண்டு சொல்லேக்கை கொஞ்சம் துக்கமாச் சொல்லு பிள்ளை. ஏதோ கடையில சீனி இருக்கு எண்டு சொல்லுற மாதிரிக் கிடக்கு.”

அவள் எண்களை அழுத்தினாள்.

“ஹலோ,” என்றது ஓர் ஆண் குரல்.

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

“ஹலோ? கவுத கதாகரன்னே?”

யார் கதைக்கிறது என்று சிங்களத்தில் கேட்டவுடன் அவள் போனை வைத்துவிட்டாள். திரும்ப எடுத்தாள். திரும்ப வைத்தாள். மூன்றாம் முறை அந்தக் குரல் களைத்துப்போயிருந்தது. “தமிழோ, சிங்களமோ? அதையாவது சொல்லுங்கோ.”

“கண் இருக்கு,” என்றாள் ரூபிகா.

“என்ன?”

“கெதியா வாங்கோ.”

“ஆர் நீங்கள்? எங்கையிருந்து கதைக்கிறியள்?”

“அப்பா செத்துப்போனார்.”

மூன்று வசனமும் சொல்லியாகிவிட்டது. வரிசைதான் பிழை. அதற்குமேல் அவளிடம் வசனம் இல்லாததால் அட்டையிலிருந்த இலக்கத்தை வாசித்தாள். அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது.

“நாகேந்திரம் ஐயாவோ? தொதல் நாகேந்திரம் ஐயாவோ?”

“ஓம்.”

“ஐயோ,” என்றது குரல். உண்மையாகவே கவலைப்பட்ட குரல். “நான் டொக்டர் பிரியந்தன். இப்பவே வெளிக்கிடுறன். கண் ரெண்டையும் மூடி, ஈரப் பஞ்சு வையுங்கோ. ஃபானை நிப்பாட்டுங்கோ, காத்துப் படக்கூடாது. மலர்ச்சாலைக்காரர் வந்தால் குடுத்திடாதேங்கோ.”

தொதல் கதை ஆராய்ச்சிக் கிளினிக் முழுவதும் தெரிந்ததுதான். ஒருமுறை இரத்தத்தில் சீனி ஏறிப்போய் ஏன் என்று கேட்டபோது, பக்கத்து வீட்டு ஷபீகா பெருநாளுக்குக் கொடுத்த தொதல் இனிப்பைச் சாப்பிட்டதை அப்பா ஒப்புக்கொண்டார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. “அரிசி மா, தேங்காய்ப்பால், கித்துள் கருப்பட்டி. மூண்டும் தாவரம்தானே டொக்டர். நீங்களும் தாவரத்தைத்தானே ஆராயிறியள்.”

அந்த ஆராய்ச்சிக்கு அவர் தெரிவானது ஒன்றரை வருடத்துக்கு முன். சலரோகக்காரருக்குக் கண்ணின் உட்திரையில் இரத்தக்குழாய்கள் கசிந்து மெல்ல மெல்லப் பார்வை போகும். பொன்னாங்காணி, மஞ்சள், இன்னும் இரண்டு மூலிகைகளிலிருந்து பிரித்தெடுத்த சத்தைக் கொடுத்தால் அதை முன்கூட்டியே தடுக்கலாமோ என்று பார்க்கிறார்கள். கொஞ்சப் பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு மருந்து நிரப்பிய கப்சியூல், மற்றப் பாதிப் பேருக்கு வெறும் மா நிரப்பிய கப்சியூல். யாருக்கு எது என்று கொடுக்கிற டொக்டருக்கே தெரியாது.

“எனக்குத் தெரியும்,” என்றார் அப்பா, முதல் நாளே ஒன்றைப் பிரித்து மணந்து பார்த்துவிட்டு. “பச்சிலை.”

ஒருகொடவத்தையில் கொண்டெய்னர் யார்ட் ஒன்றில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர், அன்றிலிருந்து தன் தொழிலை மாற்றிக்கொண்டார். கோயிலில், மரக்கறிக் கடையில், லிப்டுக்குள், யார் என்ன கேட்டாலும் “நான் இப்ப ஆராய்ச்சியில இருக்கிறன்” என்பார். ஆராய்ச்சி செய்கிறாரா, செய்யப்படுகிறாரா என்று யாரும் கேட்கவில்லை. கிளினிக்கில் எடுத்த அவருடைய உட்திரையின் படத்தைக் கெஞ்சி வாங்கி, சட்டம் போட்டு, முன்னறையில் முருகனுக்குப் பக்கத்தில் மாட்டினார். செம்மஞ்சள் வட்டம், நடுவில் வேர் வேராகக் கோடுகள். வருகிறவர்கள் ஏதோ கிரகம் என்று நினைத்தார்கள். ஒருத்தர் சனி பகவானோ என்று கேட்டுக் கும்பிட்டும் விட்டார்.

ரூபிகா குழாயை மூடிவிட்டு வெளியே வந்தாள்.

அப்பாவை முன்னறையில் கட்டிலில் கிடத்தி, தலைமாட்டில் விளக்கு வைத்திருந்தார்கள். அம்மா அருந்ததி பக்கத்தில் இருந்து அவருடைய கையைத் தடவிக்கொண்டிருந்தாள். கால்மாட்டில் சிவமணி மாமி. அப்பாவின் அக்கா, புருசன் போனபிறகு இவர்களோடேயே இருப்பவர். ஷபீகா பெரிய போத்தலில் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வந்து, அடுப்பு மூட்டாத குசினியில் கப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ரூபிகா பஞ்சை நனைத்து, அப்பாவின் மூடிய இமைகளின்மேல் மெதுவாக வைத்தாள். பிறகு போய் ஃபானை நிறுத்தினாள்.

“ஆரது ஃபானை நிப்பாட்டினது?” என்றார் மாமி. “சனம் வரப்போகுது, வேர்த்துக் கொட்டுது.”

மாமி எழும்பி ஃபானைப் போட்டார். மாமி இருந்ததும் ரூபிகா நிறுத்தினாள். மாமி அழுதுகொண்டே போய்த் திரும்பவும் போட்டார். ரூபிகா திரும்பவும் நிறுத்தினாள்.

“கரண்ட் போய்ப் போய் வருது போல,” என்றார் மாமி. “அவன் இருந்திருந்தால் உடன கம்ப்ளெய்ன் பண்ணியிருப்பான்.” அதை நினைத்து இன்னொருமுறை அழுதார்.

கீழேயிருந்து செக்குரிட்டி இண்டர்கொம்மில் கூப்பிட்டு, ஐஸ் பெட்டியோடு ஒருத்தர் வந்திருப்பதாகச் சொன்னான். “நங்கி, ஐஸ் பெட்டியக் அரகென மாத்தயா கெனெக் ஆவா.”

“ஐஸ் பெட்டியோ?” என்றார் மாமி. “செத்த வீட்டுக்கு ஆர் ஐஸ்கிறீம் ஓடர் பண்ணினது?”

ரூபிகா கதவைத் திறந்தாள். லிப்ட் வேலை செய்யாததால் மூன்று மாடியும் ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு, கண்ணாடி போட்ட மெல்லிய இளைஞன் ஒருத்தன் நின்றான். கையில் வெள்ளைப் பெட்டி. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அப்பாவைக் கும்பிட்டான். அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“அன்ரி, நான் பிரியந்தன். கண் ஆராய்ச்சியில இருந்து. ஐயா தன்ரை கண்ணை எங்களுக்குத் தாறதெண்டு எழுதித் தந்தவர். வீட்டுக்காரரும் சம்மதிக்கவேணும்.”

“என்னத்தைத் தாறது?” என்று மாமி எழும்பினார்.

“கண், அம்மா.”

“இந்தக் கண்ணையோ?”

“ஓம்.”

“விசர்க் கதை கதையாதேயும் தம்பி. கண்ணில்லாமல் அவன் எப்பிடி வழி கண்டு போறது? இருக்கேக்கையே பஸ் பறக்கிற காலி றோட்டுக் கடக்க ஒரு ஆளின்ரை கையைப் பிடிக்கிறவன்.”

“முகத்தில ஒரு வித்தியாசமும் தெரியாது. இமையை வடிவா மூடிவிடுவம்.”

“ஜனா கண்டுபிடிப்பான். அவன் கனடாவில இருந்தே கண்டுபிடிப்பான். அருந்ததி, நீ என்ன பாத்துக்கொண்டிருக்கிறாய்? சொல்லன்.”

அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். யார் முதலில் பேசுகிறார்களோ அவர்கள் சொல்வதுதான் நடக்கும் என்பதுபோல இருந்தது அந்த அறை. மாமி அடுத்ததைச் சொல்ல மூச்செடுத்தார்.

“அப்பா என்னட்டைக் கேட்டவர்,” என்றாள் ரூபிகா.

எல்லோரும் திரும்பினார்கள். குசினியில் கப்புச் சத்தமும் நின்றது.

“நான் ஓம் எண்டனான்.”

மாமி அவளை உற்றுப் பார்த்தார். “உனக்கு வாய் இருக்கோடி?”

“போன் எடுத்ததும் நான்தான். ஃபானை நிப்பாட்டினதும் நான்தான்.” குரல் நடுங்கியது. ஆனாலும் கேட்டது. “அப்பா கேட்டவர், மாமி. வேறை ஒண்டும் அவர் என்னட்டைக் கேக்கேல்லை.”

அம்மா புடவைத் தலைப்பை விட்டாள். “எனக்கும் சொன்னவர்தான். நான் சாகிற கதை கதையாதேங்கோ எண்டு எழும்பிப் போயிட்டன்.” பிறகு பிரியந்தனைப் பார்த்து, “எடுங்கோ தம்பி,” என்றாள்.

மாமி கதிரையில் இருந்தார். தோற்றுப்போனதைக் காட்டாமலிருக்க, யாரும் கேளாமலேயே பிளேன்ரீயை எடுத்துக் குடித்தார்.

அதோடு எல்லாம் முடிந்திருக்கும். பிரியந்தன் ஒரு சடங்குக்காக அந்தக் கேள்வியைக் கேட்டிருக்காவிட்டால்.

“சரி அன்ரி. ஒண்டு மட்டும் எழுதவேணும். ஐயா கப்சியூல் எல்லாம் ஒழுங்கா எடுத்தவர்தானே?”

“ஒருநாளும் விடேல்லை,” என்றாள் அம்மா. காலையிலிருந்து முதல்முறையாக அவளுடைய முகத்தில் ஒரு பெருமை வந்தது. “அவர் மறந்தாலும் நான் மறக்கமாட்டன். நான்தானே சொதிக்குள்ள போடுறது.”

பிரியந்தனுடைய பேனை நின்றது.

“எதுக்குள்ள?”

“சொதிக்குள்ள. உடைச்சுத் தூளைத் தேங்காய்ப்பாலுக்குள்ள கொட்டிப்போட்டுக் கோதை எறிஞ்சிடுவன். நாங்கள் சுத்த சைவம், தம்பி. கோது மாட்டெலும்பெண்டு ஷபீகா சொன்னவ.”

ஷபீகா ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றாள். “அது நான் சென்ன தான், டொக்டர். ஜெலட்டின் எண்டா மாடு, இல்லாட்டி மத்தது. ஹலால் பாக்காம நாங்க தொடமாட்டோம். அக்காவும் மாடு திங்க மாட்டாவே, தெரிஞ்சிட்டுச் செல்லாம ஈக்க ஏலுமா?”

“அவருக்கும் விருப்பம்தான்,” என்றாள் அம்மா. “உள்ளுக்கிருக்கிறதுதான் மருந்து, கோது வெறும் பொட்டலம் எண்டு சொன்னவர். தேங்காய்ப்பாலோட சேர்ந்தால் சத்து இன்னும் நல்லா இறங்குமாம். எங்கையோ வாசிச்சவர்.”

“அந்தச் சொதியை ஐயா மட்டும்தானே…?”

“ஒரு வீட்டில ரெண்டு சொதி ஆர் வைக்கிறது?” என்று அம்மா உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். “நாங்கள் எல்லாரும்தான். மச்சாளுக்கும் சலரோகம். அவவை உங்கடை ஆக்கள் வயது கூடிப்போச்செண்டு சேர்க்கேல்லை. ரெண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவ. அக்காவுக்கும் போகட்டும், ஒரே சட்டிக்குள்ள போடெண்டு இவர்தான் சொன்னவர்.”

“எனக்கு நல்ல சுகம் தம்பி,” என்றார் மாமி, கப்பைக் கீழே வைத்துவிட்டு. “முந்தி பஸ் நம்பர் தெரியாது. இப்ப பஸ் வளைவில வரேக்கையே சொல்லுவன். எழுதிக்கொள்ளும்.”

“பொறகு எங்கடவரும் ஈக்காரே,” என்றாள் ஷபீகா, புருசனைச் சொல்லி. “அக்கா குடுத்தனுப்புற சொதி. இந்த வருசம் என்னா தடிப்பு, என்னா ருசி! அவருக்கும் கண் கொஞ்சம் தெளிவு எண்டுதான் செல்றார்.”

பிரியந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டான். அவன் படித்த புத்தகம் ஒன்றிலும் இதற்கு இடம் இருந்திராது.

“அன்ரி,” என்றான் மெதுவாக. “ஐயா எவ்வளவு மருந்து எடுத்தவர் எண்டு சரியாத் தெரியவேணும். தெரியாட்டில், அந்தக் கண்ணைப் பாத்து இது மருந்தால வந்தது, இது வருத்தத்தால வந்தது எண்டு பிரிச்சுச் சொல்லேலாது. கண்ணை எடுத்தும் ஆராய்ச்சிக்குப் பிரயோசனம் இல்லாமல் போயிடும்.”

“அவருக்குத்தான் கூட விட்டனான்.”

“ரெண்டகப்பை,” என்றார் மாமி. “நான் பாத்தனான்.”

“அகப்பைக் கணக்கு எழுதேலாது, அம்மா.”

அம்மாவின் முகம் மாறிப்போவதை ரூபிகா பார்த்தாள். அழுது வீங்கியிருந்த முகம்தான். ஆனால் இப்போது அதில் வேறொன்று வந்தது. “அப்ப வேண்டாமோ?” என்றாள் அம்மா. பிறகு, யாருக்கும் சொல்லாமல், கட்டிலைப் பார்த்து, “நான்தான் கெடுத்துப்போட்டன்,” என்றாள்.

மாமிதான் எழும்பினார்.

“என்ன வேண்டாம்? ஆருக்கு வேண்டாம்?” என்று பிரியந்தனுக்கு முன்னால் போய் நின்றார். “என்ரை தம்பியின்ரை கண்ணுக்கு என்ன குறை? பெட்டியும் தூக்கிக்கொண்டு வீடு ஏறி வந்திட்டு, இப்ப வேண்டாமெண்டு போறீரோ? பொம்பிளை பாக்க வந்து பலகாரமும் திண்டுபோட்டு, வேண்டாமெண்டு சொல்லுற கூட்டம் மாதிரியெல்லோ கிடக்கு!”

“அம்மா, நீங்கள்தானே இப்ப குடுக்கமாட்டன் எண்டு…”

“அது நான் சொல்லலாம். நீர் சொல்லேலாது. எடும்.”

“எடுக்கமாட்டன் எண்டு சொல்லேல்லை. பெரிய டொக்டரிட்டைக் கேக்கவேணும்.”

“கேளும். சிவமணி சொன்னவ எண்டு சொல்லும்.”

பிரியந்தன் பல்கனிக்குப் போனான். ரூபிகா ஒரு பிளேன்ரீயை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். ஏன் போனாள் என்று அவளுக்கே தெரியாது. அப்பா எப்போதும் இருக்கிற பிளாஸ்டிக் கதிரை அங்கே காலியாக இருந்தது. பிரியந்தன் அதில் இருக்கப் போய், என்ன நினைத்தானோ, இருக்காமல் நின்றான்.

சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிக் கதைத்தான். ‘சொதி’ என்ற சொல் மட்டும் பலமுறை வந்தது. அது என்னவென்று அந்தப் பக்கத்துக்கு விளக்கவேண்டியிருந்தது. பிறகு காத்திருந்தான். ஒழுங்கையின் அந்த முனையில் கடல் வெயிலில் பளபளத்தது. கடற்கரைப் பாதையில் ரயில் ஒன்று கூவிக்கொண்டு போனது. அதே நேரத்தில் போனில் பதில் வந்ததால் அவன் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, “சொறி சேர், ஆயெத் கியன்ன,” என்று திரும்பச் சொல்லச் சொல்லிக் கத்தினான். ரயில் போய் முடிந்தது. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு போனை வைத்தான்.

“தங்கச்சி,” என்றான். “ஆள் இறந்தால் எந்தக் குழு எண்டு திறந்து பாக்கலாம். சேர் பாத்தவர்.”

அவள் கப்பை நீட்டினாள். அவன் வாங்கினான்.

“ஐயா மாக் குழுவில.”

ரூபிகா அப்பாவின் கதிரையைப் பார்த்தாள்.

“மருந்து இல்லை. வெறும் சோளமா. நிறத்துக்குக் கொஞ்சம் கீரைச் சாயம்.”

பச்சிலை, என்று கப்சியூலை மூக்கில் வைத்துக்கொண்டு சொன்ன அப்பாவின் முகம் வந்தது. அவளுக்கு அழுகை வரவேண்டிய இடம். ஆனால் வேறொன்று வந்தது.

“சோளமாவோ?” என்றாள். “அதுதான் சொதி தடிச்சது.”

பிரியந்தன் வாய்க்குள் போன பிளேன்ரீயை விழுங்கப் பாடுபட்டான். அவன் சிரிக்கவில்லை. ஆனால் அவனுடைய தோள் இரண்டும் சிரித்தன. பிறகு கப்பைக் கம்பிமேல் வைத்துவிட்டு, முகத்தைச் சரிபண்ணினான்.

“கேளுங்கோ. ஆர் எவ்வளவு குடிச்சாலும் இனி ஒரு பிரச்சினையும் இல்லை. மருந்தே இல்லையே. மருந்து எடுத்தவையின்ரை கண்ணில என்ன மாறியிருக்கு எண்டு சொல்ல, மருந்து எடுக்காதவரின்ரை கண் ஒண்டைப் பக்கத்தில வைச்சுப் பாக்கவேணும். எங்களிட்டை அப்பிடி ஒரு கண் இல்லை. இதுவரைக்கும் ஒருத்தரும் தரேல்லை. சேர் கெதியா எடுத்துக்கொண்டு வரச் சொன்னவர்.” குரலைத் தணித்தான். “அன்ரிக்கு நான் எப்பிடிச் சொல்லுறது? ஐயா ஒன்றரை வருசமா…”

கதவடியில் அம்மா நின்றாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கேட்டிருக்கவில்லை. கேட்டிருந்தால் அந்த முகம் அப்படி இருந்திராது. கண்ணெல்லாம் ரூபிகாவின் வாயில் இருந்தது.

“என்னவாம் பிள்ளை?”

பிரியந்தன் ரூபிகாவைப் பார்த்தான்.

“வேணுமாம் அம்மா,” என்றாள் ரூபிகா. “அப்பாவின்ரை கண்தான் வேணுமாம். இப்பிடி ஒரு கண் அவையளிட்டை இல்லையாம்.”

“நான் சொதிக்குள்ள போட்டது?”

“அதால ஒண்டும் இல்லையாம்.”

“மெய்யாவோ தம்பி?”

“மெய்தான் அன்ரி,” என்றான் பிரியந்தன். “அதால ஒண்டுமே இல்லை.”

அம்மா மூச்சை விட்டாள். “நான் நல்லாக் கொதிக்கவிட்டுத்தான் போடுறனான்,” என்றாள். “பச்சையா ஒருநாளும் குடுக்கேல்லை.”

“அது நல்லது,” என்றான் அவன்.

முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவன் கண்ணை எடுத்த நேரத்தில் எல்லோரும் குசினிப் பக்கமாக இருந்தார்கள். ஷபீகா வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். மாமி சுவரில் இருந்த கலண்டரின் கீழே, மிகச் சின்ன எழுத்தில் அச்சகத்தின் பெயரும் விலாசமும் இருப்பதைத் தூரத்திலிருந்தே வாசித்துக் காட்டினார். சரியாகவே வாசித்தார். மூன்று வருடமாக அதே அச்சகத்தின் கலண்டர்தான் அங்கே தொங்குகிறது.

“பாத்தியே,” என்றார் ரூபிகாவிடம். “கண்ணாடி இல்லாமல்.”

“ஓம் மாமி.”

“அவன் செத்தும் எனக்குப் பார்வையை விட்டுட்டுப் போயிருக்கிறான்.” மாமியின் குரல் உடைந்தது. “சட்டிக்குள்ள போடச் சொன்னவனாம். எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. நான் இவள் சமையல் திருந்தினதெண்டெல்லோ நினைச்சனான்.”

அம்மா மாமியைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று ரூபிகா நினைத்தாள். அம்மா கையை நீட்டி மாமியின் முழங்காலில் வைத்தாள்.

“ரெண்டும்தான்,” என்றாள் அம்மா. “சமையலும் திருந்தினதுதான் மச்சாள்.”

கதவு திறந்தது. அப்பா முன்புபோலவே கிடந்தார். இமை இரண்டும் மூடியிருந்தன. மாமி கிட்டப் போய்க் குனிந்து, ஒரு பக்கமும் மற்றப் பக்கமும் பார்த்து, குறை ஒன்றும் காணாமல் நிமிர்ந்தார். ரூபிகா போய் ஃபானைப் போட்டாள். அது மெல்லச் சுற்றத் தொடங்கியது.

பிரியந்தன் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தான். பெட்டி கையில். அம்மாவைப் பார்த்தான். நன்றி என்றோ, போய்வருகிறேன் என்றோ, ஏதோ ஒன்றைச் சொல்வதற்கு வாயைத் திறந்தான். மாமி உடனே கையைத் தூக்கி, வேண்டாம் என்று ஆட்டினார். செத்த வீட்டில் சொல்லிக்கொண்டு போகக்கூடாது. அவனுக்கும் அது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு, ரூபிகாவுக்கு மட்டும் தலையை ஒருமுறை அசைத்தான்.

அவள் படிக்கட்டுக் கைப்பிடியில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள். கீழேயிருந்து மலர்ச்சாலைக்காரர் இரண்டு பேர் வெறும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு, சிங்களத்தில் லிப்டைத் திட்டியபடி ஏறி வந்தார்கள். வளைவில் இடம் போதவில்லை. பிரியந்தன் முதுகைச் சுவரோடு ஒட்டி, பெட்டியில் ஒன்றும் இடித்துவிடாமல் இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவர்கள் போகும்வரைக்கும் நின்றான். பிறகு ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து இறங்கிப் போனான்.